குளிர்காலத்தில் ஒரு கடற்கரை



ஸ்பெயின் போய் வந்தோம் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஹஸ்ரத், அவ்வளவு காசு எப்படி?" என்பதுதான். அடுத்தது, "ஜனவரியிலயா? குளிருமே!" முதற் கேள்விக்குப் பதில் எளிது. லண்டனில் இருக்கும் என் மனைவியின் தம்பிதான் செலவழித்தார். மத்ரஸா ஆசிரியரின் சம்பளம் உங்களுக்குத் தெரியாததல்ல. அவருக்குக் கடையில் வேலை. நத்தார் வியாபாரம் முடிந்த பின்பே லீவு கிடைக்கும். பன்னிரண்டு வருடங்களாகக் காணாத ராத்தாவோடு பத்து நாட்கள் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 2023 ஜனவரியில் புறப்பட்டோம். விசாவுக்கு அலைந்த கதையை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

குளிரைப் பற்றி நானும் பயந்தேன். ஆனால் கொர்தோபாவில் ஜூலை மாத வெயில் 40 பாகையைத் தாண்டும். முழங்கால் நோவுள்ள என் மனைவி அந்த வெயிலில் கியூவில் நின்றிருக்க மாட்டார். ஜனவரியிலோ பகலில் நம் நுவரெலியா அளவுக்குத்தான் குளிர். விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும் மலிவு. கடலோர ஹோட்டலில் ஆகஸ்ட் மாத வாடகையில் பாதிகூடக் கேட்கவில்லை. தொழுகை நேரங்களும் இலேசு. கோடையில் மஃரிபுக்கே இரவு ஒன்பதரை தாண்டிவிடும்; இஷாவுக்கு நடுச்சாமம் வரை விழித்திருக்க வேண்டும். ஜனவரியில் சுபஹ் ஏழு மணியளவில், மஃரிப் ஆறரைக்குள். பிரயாணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொர்தோபாவின் பெரிய பள்ளிவாசல் 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியது. பின்வந்தவர்கள் அதைப் பெருப்பித்தார்கள். 1236இல் அது தேவாலயமாக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் நடுவிலே ஒரு பேராலயத்தையும் எழுப்பினார்கள். இன்று எஞ்சியுள்ள தூண்கள் 856. இவ்வளவையும் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஆனால் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குக் கீழே நின்றபோது ஒரு வருடமும் வாயில் வரவில்லை. காலை வேளை, எங்களையும் சேர்த்து முப்பது பேர் கூட இருக்கமாட்டார்கள். மிஹ்ராபின் முன்னே கம்பித் தடுப்பு. உள்ளே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை என்பது தெரிந்தே போனோம். இரண்டு ரக்அத்துக்காக மனம் துடித்தது உண்மை. மனைவி என் சட்டைக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார். அறைக்குத் திரும்பியே தொழுதோம்.

அங்கிருந்து பஸ்ஸில் கிரனாடா. கர்னாதா என்று நாம் படித்த ஊர்தான். ஊருக்கு மேலே பனி மூடிய மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரத்தின் பெயர் முல்ஹசன், 3,479 மீற்றர். கடைசி அரசர் அபூ அப்தில்லாஹ்வின் தந்தை, மௌலாய் ஹஸனின் பெயரே அப்படி மருவியது. அல்ஹம்ராவுக்குக் கோடையில் சீட்டுக் கிடைப்பதே பெரும்பாடு. நாங்கள் சிங்க முற்றத்தில், அந்தப் பன்னிரண்டு கற்சிங்கங்களின் எதிரே, ஆறுதலாக நின்று பார்த்தோம். மற்றவர்கள் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வாசித்துக்கொண்டிருந்தார். "வலா காலிப இல்லல்லாஹ்". அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை. ஒரே வாசகம், சுவர் நெடுக. சின்ன வயதில் ஓதப்போன பிள்ளைக்கு அந்த அரண்மனை பேசியது. அரபியில் பட்டம் வாங்கிய நான் அவருக்குப் பின்னால்தான் அதைக் கண்டேன்!

அன்று பின்னேரம், 2003இல் அல்பைசின் குன்றில் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அதன் தோட்டத்தில் நின்றோம். எதிரே அல்ஹம்ரா. எனக்கு ஆசிரியர் புத்தி வந்துவிட்டது. 1492 ஜனவரி 2ஆம் திகதி நகரை ஒப்படைத்ததையும், மார்க்கத்தில் கைவைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த உடன்படிக்கை பத்து வருடம் கூட நிலைக்காததையும், ஞானஸ்நானம் பெற்ற பின்னும் நம்பப்படாத மக்களை 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து வெளியேற்றியதையும் மச்சானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். பெரும்பாலோரை வட ஆபிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள்.

"கடலாலயா அனுப்பினாங்க?" என்றார் மனைவி.

வேறொன்றும் கேட்கவில்லை. சகோதரிகளே, என் மனைவியின் ஊர் மன்னார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு எட்டு வயது. தோணியில் கற்பிட்டிக்கு வந்து, புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவர். அன்று அவர் இடுப்பில் சுமந்து வந்த மூன்று வயதுத் தம்பிதான் இந்த மச்சான். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அந்தத் தோணியைப் பற்றி அவர் என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொன்னதில்லை. நானும் துருவிக் கேட்டதில்லை.

கடைசி இரண்டு நாட்களும் அல்முனேகாரில். பழைய பெயர் அல்முனக்கப். சிரியாவில் குடும்பம் கொல்லப்பட, தப்பியோடி, வட ஆபிரிக்காவில் உம்மாவின் கோத்திரத்தாரிடம் தஞ்சம் புகுந்திருந்த அப்துர் ரஹ்மான் 755இல் வந்திறங்கிய கரை இது. கடலோரத்தில் அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். கோடையில் மணல் தெரியாத கூட்டமாம். அந்தக் கூட்டத்தின் உடையும் நடையும் நம் பெண்களுக்குத் தோதாகவும் இராது. இப்போது பாதிக் கடைகள் பூட்டு. வாங்குகளில் முதியவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையில் பச்சை நிறத்தில் ஒரு பழம் குவிந்து கிடந்தது. வெட்டிப் பார்த்தால் நம் அன்னமுன்னாவின் இனம்! அந்தக் கரையோரத்தில் அது பெருவாரியாக விளைகிறது, குளிர்காலம்தான் பருவம். சீனிக்கு அவர்கள் சொல்வது அசூக்கார், எண்ணெய்க்கு அசெய்த்தே. அஸ்ஸுக்கர், அஸ்ஸைத் என்று எனக்குக் கேட்டது. கடைக்காரப் பெண்ணுக்கு விளக்க முயன்றேன். சிரித்தாள், மிச்சக் காசைத் தந்தாள்.

பழத்தோடு மூவரும் மணலில் அமர்ந்தோம். வெகுநேரம் அலைச் சத்தம் மட்டும்தான்.

"ராத்தா, எனக்கு அந்தத் தோணி ஞாபகமே இல்ல. நீங்க சொல்லுங்களேன்" என்றார் மச்சான்.

மனைவி கடலைப் பார்த்தபடியே, "நீ அழல்ல. உம்மாதான் அழுதா" என்று தொடங்கினார்.

ஊருக்குள்ளே ஒரு பூங்காவில் ரோமர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகள் இருக்கின்றன. நாம் ஜாடி போடுவது போல மீனை உப்பிலிட்டுக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் எழுந்துவிட்டேன். எவ்வளவு நேரம் சுற்றினேனோ தெரியாது. திரும்பும்போது அஸர் நெருங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தேன். நீண்ட கரையில் அவர்கள் இருவரையும் தவிர எவரும் இல்லை. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் தன் மேலங்கியைக் கழற்றி ராத்தாவின் தோளில் போட்டிருந்தார்.