மூன்றாவது தட்டு

செல்போனின் முதுகைத் தட்டினால் அது வேலை செய்யும் என்றதும் நண்பர் சிரித்தார். மாட்டைத் தட்டி ஓட்டுவது போலவா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14 மென்பொருளுடன் ஐபோனுக்கு இந்த வசதி வந்தது. செட்டிங்ஸில் ‘அக்ஸசிபிலிட்டி’, அதற்குள் ‘டச்’, அதற்குள் ‘பேக் டாப்’. இரண்டு தட்டுக்கு ஒரு வேலை, மூன்று தட்டுக்கு இன்னொன்று. மறு ஆண்டு ஆண்ட்ராய்ட் 12 வந்தபோது கூகுளின் பிக்ஸல் போன்களுக்கும் கிடைத்தது; அதில் இரண்டு தட்டு மட்டும். ஐபோனில் இது உடல் ஊனமுற்றோருக்கான வசதிகளோடு சேர்ந்து கிடப்பதால் மற்றவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டு தட்டுக்கு டார்ச் விளக்கைக் கொடுத்தேன். ஜூன் மாதத் திருவனந்தபுரத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. (மலையாளிகளிடம் ‘தட்டு’ பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். அவர்கள் மொழியில் ‘தட்டிப்பு’ என்றால் மோசடி.)

மூன்று தட்டில்தான் சிக்கல். ‘ஷார்ட்கட்ஸ்’ செயலியில் ஒலிப்பதிவைத் தொடங்கும் கட்டளையை அமைத்து இதோடு இணைத்துவிட்டால், மேஜைக்கு அடியிலேயே பேட்டியைப் பதிவு செய்யலாம். மைக் இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரியும். ஆனால் அது போனை வைத்திருப்பவருக்கான எச்சரிக்கை. எதிரே இருப்பவருக்கு அல்ல.

நான் வேலைக்கு வந்த புதிதில் கேஸட் ரிக்கார்டர்தான். பட்டனை அமுக்கும் சத்தமே அனுமதி கேட்பது போல இருக்கும். அரை மணிக்கொரு முறை கேஸட்டைத் திருப்பிப் போடும்போது, பேசுகிறவருக்குத் தன் பேச்சு பதிவாவது மறுபடி ஞாபகம் வரும்.

இந்த ஊர் ஒலிப்பதிவால் பட்டது கொஞ்சமல்ல. 2017 மார்ச் 26 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய மங்களம் தொலைக்காட்சி, போக்குவரத்து அமைச்சர் ஏ.கே. சசீந்திரனின் பேச்சு என்று ஒரு தொலைபேசி உரையாடலை முதல் நாளே வெளியிட்டது. அன்றே அவர் ராஜினாமா செய்தார். உதவி கேட்டு வந்த இல்லத்தரசியிடம் பேசியது என்பது சேனல் சொன்ன கதை. நான்கே நாளில், அது தன் நிருபரை வைத்து நடத்திய வேலை என்று சேனலின் தலைவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விசாரணைக் கமிஷன், கைது எல்லாம் நடந்தன. 2018 பிப்ரவரியில் சசீந்திரன் மீண்டும் அமைச்சரானார். இதற்கெல்லாம் முதுகுத் தட்டு தேவைப்படவில்லைதான். ஆனால் அதன் பிறகு பல மாதங்கள், நான் உட்காரும் முன்பே “போன் எங்கே?” என்று கேட்டவர்கள் உண்டு.

லஞ்சம் கேட்பவனிடம் அனுமதி வாங்கியா பதிவு செய்வது என்று ஓர் இளைய நிருபர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் நான் சந்திக்கிறவர்களில் பெரும்பாலோர் வேலையையும் உறவையும் பணயம் வைத்து வாய் திறப்பவர்கள்.

மூன்றாவது தட்டை ‘ஒன்றுமில்லை’ என்றே விட்டிருக்கிறேன். போனை மேஜை மேல் மல்லாத்தி வைத்து, அவர்கள் பார்க்கவே சிவப்பு வட்டத்தைத் தொடுகிறேன். போன மாதம் கரமனையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு நிலப் பத்திரம் பற்றிக் கேட்டதும், பதில் சொல்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தினேன். “இனி கேளுங்கள்” என்றார். ஒன்றரை மணி நேரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிக் கை வீங்கிப்போனது.