பழைய ஜீப்புக்கு என்ன விலை கொடுக்கலாம்?

எங்க போடி பக்கம் ஜீப்பு ஷோக்குக்கு ஓட்டுற வண்டி கிடையாது. விடிகாலையில ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏத்திக்கிட்டு, போடிமெட்டு மலையில 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குற வண்டி. இப்ப சென்னை, பெங்களூர்ல இருந்தெல்லாம் "அண்ணே, நல்ல பழைய மஹிந்திரா ஜீப் இருந்தா சொல்லுங்க"ன்னு போன் வருது. அவங்களுக்குச் சொல்றதை இங்கயே எழுதிடுறேன்.

பெயிண்டைப் பாத்து மயங்காதீங்க. மாடு வாங்கப் போறவன் கொம்புல பூசின வர்ணத்தைப் பாத்தா விலை பேசுறான்? வாயைத் திறந்து பல்லைப் பாக்குறான். ஜீப்புக்குப் பல்லு சேஸிஸ்தான். பாடி தகரம் எப்ப வேணா மாத்திக்கலாம். சேஸிஸ் போச்சுன்னா வண்டியே போச்சு. ஒரு சாக்கை விரிச்சு அடியில படுங்க. பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடத்துல விரிசலோ, வெல்டிங் வச்ச தடமோ இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினா நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துரு தின்னது பொத்துன்னு கேக்கும்.

அடுத்தது இன்ஜின். வண்டியை ராத்திரி ஆறப்போட்டு, காலையில நீங்க போன பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, ஏதோ மறைக்கிறாங்கன்னு சந்தேகப்படலாம். 540 டிபி-ல இருக்கிறது பியூஜோ டீசல் இன்ஜின். ஹீட்டர் பிளக் சூடாகி ஸ்டார்ட் ஆகுறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அது குறை இல்ல. நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. கரும்புகைன்னா பம்ப், இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் வேலை, அது சமாளிக்கலாம். ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. குபுகுபுன்னு புகை தள்ளினா எங்க மெக்கானிக் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது"ம்பார். இன்ஜினைப் பிரிக்கணும்னு அர்த்தம்.

"ஃபோர் வீல் டிரைவ்"னு சொல்லி டூ வீல் ஜீப்பை விக்கிறதும் நடக்குது. முன் அச்சுல டிஃபரன்சியல் உருண்டை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. இருந்தாலும் லீவரைப் போட்டு உழுத மண்ணுல ஓட்டிப் பாருங்க, தார் ரோட்டுல வேண்டாம். இறக்கத்துல செகண்ட் கியர்ல விட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. கியர் தானா கழண்டு வந்தா பெட்டியில செலவு இருக்கு.

இத்தனையும் சரியா இருந்து, ஆர்.சி. தப்பா இருந்தா வண்டி வெறும் இரும்பு. பெட்ரோல் ஜீப்புல டீசல் இன்ஜின் ஏத்தியிருப்பாங்க, ஆர்.சி.-யில பெட்ரோல்னே இருக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. சேஸிஸ் நம்பரைப் பென்சில் வச்சுத் தேய்ச்சு எடுத்து, ஆர்.சி.-யோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. 15 வருசம் தாண்டினா 5 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் இருக்குன்னு கேளுங்க.

இப்ப விலைக்கு வருவோம். போன மாசம் எங்க தெருக்காரர் 540 ஒண்ணு வித்தார். வாங்க வந்தது சென்னைத் தம்பி. ரெண்டு பேரும் என்னையே நடுவுல உக்காரச் சொன்னாங்க. குறையில்லாத 540 எங்க பக்கம் கைமாறின விலை 3,60,000. விக்கிறவங்க கேக்குற விலையை விடுங்க, கைமாறின விலைதான் கணக்கு. அதுல இருந்து கழிச்சோம்: 5 டயர் 30,000, கிங்பின்னும் ஸ்டியரிங் வேலையும் 9,000, ஸ்பிரிங் புஷ் 8,000, பிரேக் 7,000, மேல் படுதா 8,000. மொத்தம் 62,000. புது பேட்டரிக்கும் சமீபத்துல புதுப்பிச்ச ஆர்.சி.-க்கும் 12,000 கூட்டினோம். 3,10,000 வந்துச்சு.

தெருக்காரருக்கு மக காலேஜ் ஃபீஸ் கட்ட ஒரு வாரம்தான் கெடு. அது தம்பிக்கும் தெரிஞ்சுபோச்சு. "ரெண்டே முக்காலுக்குக் கேட்டாலும் கொடுத்துருவாருல்லண்ணே?"ன்னு என் காதுல கேட்டார். கொடுத்திருப்பார்தான். "தம்பி, வண்டியோட நெலமைக்குத்தான் கழிச்சோம். மனுசனோட நெலமைக்குக் கழிக்கிறது கணக்குல சேராது"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், 3,10,000-த்தையும் அனுப்பிட்டார். அதே மாதிரி, "மெட்ராஸ்காரர்தானே, இன்னொரு இருபது சேத்துச் சொல்லுங்க"ன்னு தெருக்காரர் கேட்டிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

விக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வந்துருச்சுன்னு சாவியைக் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. ஃபாரம் 29, 30-ல கையெழுத்துப் போட்டு, பேர் மாறுற வரைக்கும் விடாதீங்க. நடுவுல விபத்து ஆச்சுன்னா நஷ்டஈட்டு நோட்டீஸ் ஆர்.சி.-யில பேர் இருக்கிறவர் வீட்டுக்குத்தான் வரும்.