சீட்டும் வளையமும்

ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் வெளியே அதிகம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. டாக்டர் அனுப்பும் சீட்டில் ‘டிஸ்க் விலகலா?’ என்று ஒரு கேள்விக்குறி இருந்தால், கண் நேரே அங்கேதான் போகும். போனால், ஏதோ இருக்கிற மாதிரியே தெரியும். அனுபவம் இந்தப் பழக்கத்தைக் குறைக்கவில்லை, இன்னும் வேகமாக்கிவிட்டது.

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளிவந்ததும் எனக்கு வந்தது சந்தேகம்தான். அப்படிப் படம் உருவாக்கும் கணக்கு எனக்குப் பழக்கம். எம்.ஆர்.ஐ. கருவி உடம்பை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. சிக்னல்களைச் சேகரிக்கிறது, ஃபூரியர் கணிதம்தான் அதைப் படமாக்குகிறது. கருந்துளையைப் படமெடுத்த ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கியிலும் அதே கதை. ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ள இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் பதிந்த 1.3 மில்லிமீட்டர் அலையை ஒப்பிட்டால் ஓர் அளவு கிடைக்கும். பூமி சுழலச் சுழல இன்னும் சில. எனக்கு அளவுகள் பெரும்பாலும் முழுசாகக் கிடைத்துவிடும். அந்தக் குழுவுக்கு 2017 ஏப்ரலில் இருந்தவை எட்டுத் தொலைநோக்கிகள். அதிலும் தென்துருவத்தில் நின்றதற்கு எம்87 தெரியவே தெரியாது. மிச்சமெல்லாம் ஓட்டை.

ஓட்டையான தரவுக்கு எத்தனையோ படங்கள் பொருந்தும். வளையம் வரும் என்று ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை வைத்து முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். அதாவது, சீட்டு எல்லார் கையிலும் இருந்தது. வளையத்தைத் தேடியவர்களுக்கு வளையம் கிடைத்ததில் என்ன அதிசயம்?

பிறகு அந்தக் குழுவின் கட்டுரைகளைப் படித்தேன். அணுக் கடிகாரம், விமானமேறிய ஹார்ட் டிஸ்குகள், இதெல்லாம் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தவை. என்னை உட்கார வைத்தது வேறு. 2018இல் படமாக்கும் ஆட்களை நான்கு அணியாகப் பிரித்து, ஓர் அணி இன்னோர் அணியிடம் மூச்சு விடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு அணி பழைய ‘கிளீன்’ முறையில், இரண்டு அணி புதிய முறையில். ஜூலையில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் கூடி நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நான்கிலும் வளையம், சுமார் 40 மைக்ரோ ஆர்க் விநாடி அகலம், தெற்கில் பிரகாசம்.

அதோடும் விடவில்லை. வளையம், பிறை, நடுவில் ஓட்டையே இல்லாத தட்டு, இரட்டைப் பொட்டு என்று செயற்கை உருவங்களைச் செய்து, அதே ஓட்டைகளோடு மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். தட்டைக் கொடுத்தால் தட்டுதான் வர வேண்டும். மாறி வந்தால் மென்பொருளின் அந்த அமைப்பைக் கழித்துக் கட்டினார்கள்.

2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர், அதே தரவில் தங்களுக்கு வளையம் வரவில்லை என்றார்கள். ஈவென்ட் ஹொரைசன் குழு மறுத்தது. கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்து எடுத்த 2018 தரவின் படம் 2024இல் வந்தது: அதே அளவு வளையம், பிரகாசமான பக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. என் சந்தேகம் அதற்கப்புறம் பெரிதாக மிச்சமில்லை.

இப்போதெல்லாம் படத்தை முதலில் பார்த்து, கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத்தான் சீட்டை எடுக்கிறேன். சீட்டே வேண்டாம் என்பதில்லை. எந்தக் காலில் வலி என்று தெரியாமல் ரிப்போர்ட் எழுதுவது வீம்பு. வரிசைதான் மாறியிருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் பக்கத்து அறை நண்பரிடம் படத்தை மட்டும் நீட்டுவேன். “நீங்க என்ன நினைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல” என்பார். சொல்ல மாட்டேன். அவருக்கு எரிச்சல்தான்.