துளையைத் தாங்கும் சேறு

சாலையை வெட்டாமல் குழாய் பதிக்கும் இடத்துக்கு வருபவர்கள் துளையிடும் ரிக்கின் முன்னால்தான் நிற்பார்கள். ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் இறங்குவதும், துளைமுனை எங்கே என்று காட்டும் லொகேட்டரைப் பிடித்தபடி ஒருவர் மேலே நடந்துபோவதும் கண்ணை இழுக்கத்தான் செய்யும். நான் அவர்களைக் கலவைத் தொட்டிக்கு அழைத்துப் போவேன். எங்கள் தொழிலின் உயிர் அங்கே இருக்கிறது.

முதலில் பைலட் போர், அதாவது வழிகாட்டும் சிறு துளை. சாய்முகப் பிட்டைச் சுழற்றினால் நேராகப் போகும். 12 மணி நிலையில் நிறுத்தித் தள்ளினால் மேலேறும், 6 மணி நிலையில் தள்ளினால் கீழிறங்கும். அடுத்து ரீமரால் துளையைப் பெரிதாக்கி, கடைசியில் குழாயை இழுக்கிறோம். 1971-இல் கலிபோர்னியாவில் வாட்சன்வில் ஊரருகே பஹாரோ ஆற்றுக்கு அடியில் மார்ட்டின் செரிங்டன் எரிவாயுக் குழாயைக் கொண்டுபோனதில் தொடங்கிய தொழில் இது.

250 மி.மீ. எச்.டி.பி.இ. குழாய்க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 375 மி.மீ. துளை தேவை. 100 மீட்டருக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் வெற்றிடம். மேலே பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த வெற்றிடத்தை இரும்போ செங்கல்லோ தாங்கவில்லை. பென்டோனைட் என்ற களிப்பொடியைக் கலந்த சேறு தாங்குகிறது. சேற்றிலுள்ள நீர் மணலுக்குள் சற்றே கசியும்போது, தகடு போன்ற நுண்துகள்கள் சுவரில் படிந்து படலமாகின்றன. அந்தப் படலத்தை அழுத்தி நின்றுதான் சேறு மணலைச் சரியவிடாமல் பிடிக்கிறது. அசையாதபோது இறுகி மண்துகளைச் சுமக்கும். அசைத்தால் இளகி ஓடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை. இழுக்கத் தொடங்கிய குழாயை நடுவில் நிறுத்தக்கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான்: நின்றால் சேறு இறுகும், இழுவிசை ஏறும்.

கலப்பதில் பொறுமை வேண்டும். முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். கடினநீரிலும் கடலோரத்து உவர்நீரிலும் பென்டோனைட் சரியாக ஊறாது. கடினநீர் என்றால் சோடா சாம்பலைப் போட்டுக் காரத்தன்மையைச் சரிசெய்த பிறகே மூட்டையைப் பிரிப்பேன். உவர்நீர் என்றால் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைப்பதே மேல். பாலிமர் எப்போதும் கடைசியில். பிறகு சேற்றின் தடிமனைச் சோதிக்கும் மார்ஷ் புனல். அதில் வெறும் தண்ணீர் 26 விநாடியில் வடியும். மணலுக்கு நான் தேடும் சேறு, வடித்த கஞ்சியின் பதத்தில், அதைப்போல இருமடங்கு நேரமாவது எடுக்க வேண்டும். களிமண் என்றால் கணக்கே வேறு: அங்கே பாலிமருக்குத்தான் முதல் வேலை, களி ரீமரில் அப்பிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும்போது என் கண் குழிக்குத் திரும்பி வரும் சேற்றின்மேல்தான் இருக்கும். அது குறைந்தால் எங்கோ போகிறது என்று பொருள். மேல்மண் ஆழம் போதாமல் அழுத்தம் கூடினால் சாலை விரிசல் வழியாகவோ ஆற்றுப்படுகையிலோ பீறிட்டு வெளியே வரும். எனவே மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஆழத்தை முடிவு செய்யக்கூடாது.

ஒப்பந்தப்புள்ளிகளில் குழாய்க்கு விலை உண்டு, மீட்டர் கணக்கில் துளைக்கு விலை உண்டு. சேற்றுக்குத் தனி விலை கிடையாது. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் மூட்டைகளில்தான் கைவைப்பார். பயன்படுத்திய சேற்றை மழைநீர் வடிகாலில் விட்டுவிடுவதும் இதன் தொடர்ச்சியே. சல்லடையும் சுழல்பிரிப்பானும் வைத்து மணலைப் பிரித்தால் அதே சேறு மறுபடி உழைக்கும். கலவை, சோதனை, மறுசுழற்சி, அகற்றல் ஆகிய நான்குக்கும் ஒப்பந்தத்தில் தனித்தனி விலை வரவேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.