குடியானவர்கள் எழுதி அனுப்பிய பாட்டுகள்

எஸ்டோனிய மொழியில் 14 வேற்றுமைகள். ஆண்பால், பெண்பால் வேறுபாடு கிடையாது. எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவமும் கிடையாது. எஸ்டோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தின் கோடைக்கால மொழி வகுப்பில் ஆசிரியை இதைச் சொன்னபோது ஐரோப்பிய மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டோடு என்று சொல்லின் வாலில் உருபை ஒட்டிக்கொண்டே போவது பிறந்ததிலிருந்து பழகியதுதானே. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளை ஃபின்னிஷ் முதலிய மொழிகள் சேர்ந்த 'சிதியக்' கூட்டத்தோடு உறவுபடுத்தப் பார்த்தார். ஃபின்னிஷுக்கு நெருங்கிய சொந்தம் எஸ்டோனிய மொழி. அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. என்றாலும் அவர் எதைக் கண்டு அப்படி நினைத்தார் என்பது அந்த வகுப்பில் எனக்குப் புரிந்தது.

ஒலியில்தான் திணறினேன். குறில், நெடில் போக மூன்றாவதாக ஒரு நீட்டல் உண்டு. எழுத்தில் பெரும்பாலும் அதற்கு அடையாளம் இருக்காது, காதுதான் பிடிக்க வேண்டும். அளபெடையைச் செய்யுளில் மட்டும் படித்த நமக்கு, அதைக் கடைத்தெருவில் ரொட்டி வாங்கும்போது கேட்பது புது அனுபவம்.

தார்த்து சிறிய ஊர். நடுவில் எமயோகி ஆறு, மேட்டில் இடிந்த பேராலயம், மேட்டின் அடியில் வெள்ளைத் தூண்களோடு பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் வகுப்பு முடிந்தும் நாள் முடியாது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம்.

1632இல் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. ஆனால் எஸ்டோனிய மொழியில் முறையாகப் பாடம் நடக்கத் தொடங்கியது 1919இல்தான். அதற்கு முன் நெடுங்காலம் ஜெர்மன், பிறகு ரஷ்யன். எஸ்டோனியன் என்பது வயலிலும் தொழுவத்திலும் பேசுகிற மொழி. அதைப் பேசியவர்களின் பாட்டன்மார் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் யாகோப் ஹூர்ட் (1839–1907) செய்த காரியத்தின் அளவு விளங்கும். அந்தக் கோடையில் நான் கற்றவற்றில் மனத்தைவிட்டு அகலாதது அவருடைய வேலைதான்.

ஹூர்ட் ஒரு பாதிரியார், மொழியறிஞர். ஊரை விட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எஸ்டோனியர் சபைக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1888இல் செய்தித்தாள் வழியாகத் தம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊரில் பாடுகிற பாட்டு, சொல்கிற கதை, விடுகதை, பழமொழி, நம்பிக்கை, மருந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், கேட்டபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சுமார் 1,400 பேர் எழுதினார்கள். பள்ளி ஆசிரியர்கள், குடியானவர்கள், கைத்தொழில் செய்பவர்கள், மாணவர்கள். சேர்ந்த பக்கங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. வந்து சேர்ந்தவற்றைப் பற்றி ஹூர்ட் செய்தித்தாளில் தொடர்ந்து அறிக்கை எழுதினார். தான் அனுப்பியது போய்ச் சேர்ந்தது, அதற்கு மதிப்பு இருக்கிறது என்று ஒரு குடியானவருக்குத் தெரிந்தால் அவர் மறுபடியும் பேனாவை எடுப்பார் அல்லவா? தொகுப்பு அவ்வளவு பெருகியதற்கு இந்த மரியாதைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கையெழுத்துப் படிகள் இன்று தார்த்துவில் வனெமுய்சே தெருவிலுள்ள எஸ்டோனிய இலக்கிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1927இல் அமைந்த நாட்டார் வழக்காற்று ஆவணகம் இப்போது அதன் ஒரு பிரிவு. எங்கள் நாட்டார் வழக்காற்று வகுப்பை ஒரு நாள் அங்கே வைத்தார்கள். மேசைமேல் ஒரு கட்டுத் தாளைப் பிரித்து வைத்தார் ஆவணக் காப்பாளர். பழுப்பேறிய மலிவுத் தாள். பாட்டுக்குக் கீழே அதைப் பாடியவர் பெயர், ஊர், வயது. எழுதியவருக்கு அதிகப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்தி, தாளின் பின்பக்கம் புடைக்கும்படி எழுதியிருந்தார்.

பிறகு அவர் காட்டிய இன்னொரு பக்கத்தில் சில வரிகளின் மேல் கறுப்பு மை பூசியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஸ்டாலின் காலத்துத் தணிக்கை. ஆட்சிக்கு ஆகாத கேலிப்பாட்டு, கொச்சையான விடுகதை, இப்படிப்பட்டவற்றை மையால் மறைத்தார்கள். சில பக்கங்களைக் கத்தரித்தே எடுத்தார்கள். கிழவி ஒருத்தி அடுப்படியில் சொன்ன விடுகதையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியிருக்கிறது. அந்த மைப்பூச்சைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உரிமை யாருடையது? சொன்ன கிழவிக்கும் எழுதிய ஆளுக்கும் சொந்தமானதை அழிக்க இவர்கள் யார்?

பாட்டு வகுப்பு மாலையில், புல்வெளியில் நடக்கும். எஸ்டோனியர்களின் பழைய பாட்டுமுறைக்கு ரெகிலவுல் என்று பெயர். அடிக்குப் பெரும்பாலும் எட்டு அசை. இறுதி இயைபு தேவையில்லை, சொற்களின் முதலெழுத்து ஒன்றிவர வேண்டும். மோனைதான், வேறொன்றுமில்லை. சொன்னதையே அடுத்த அடியில் வேறு சொற்களால் திரும்பச் சொல்வார்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, அதன் கடைசி அசைகளிலேயே மற்றவர்கள் சேர்ந்துகொண்டு முழு அடியையும் திருப்பிப் பாடுவார்கள். இடையில் மூச்சுக்குக்கூட இடைவெளி இல்லை. கைகோத்து வரிசையாக நடந்துகொண்டே பாடினோம். பொருள் பாதி புரியாவிட்டாலும் கால் தானாகத் தாளத்தில் விழுந்தது. நடவுப் பாட்டில் ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்த பிறகும் சில நாள் தங்கினேன், ஆகஸ்ட் 19க்காக. நாட்டின் தென்கிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி சேத்தோக்கள் வாழ்கிறார்கள். எஸ்டோனியர்கள் பெரும்பாலும் லூத்தரன் மரபில் வந்தவர்கள். இவர்களோ கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பேச்சும் வேறு மாதிரி, உடையும் வேறு மாதிரி. இவர்களுடைய 'லேலோ' என்ற பலகுரல் பாட்டு 2009இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஹூர்ட் தம் கடைசி ஆண்டுகளில், 1904 முதல் 1907 வரை, மூன்று தொகுதிகளாக அச்சிட்டதும் சேத்தோப் பாட்டுகளையே. எழுத்தறியாத அன்னெ வபர்னா (1877–1964) என்ற பாடகி, பேக்கோ என்ற விளைச்சல் தெய்வத்தைப் பற்றி ஒரு காவியமே பாடியிருக்கிறார்.

வோரு வழியாகப் பேருந்தில் ஒபினித்ஸா என்ற கிராமத்துக்குப் போனேன். வழியெல்லாம் பிர்ச் மரங்களும் அறுத்த வயல்களும். ஆகஸ்ட் 19, இயேசு உருமாறிய திருநாள். காலை வழிபாடு முடிந்ததும் ஊரே இடுகாட்டுக்குப் போகிறது. பைன் மரங்களுக்கடியில் கல்லறைகள். ஒவ்வொரு குடும்பமும் தன் மேட்டின்மேல் பூவேலை செய்த துணியை விரித்து, வேகவைத்த முட்டை, சீரகத்தை ஒத்த ஒரு விதை போட்ட பால்கட்டி, பணியாரங்கள், மீன், காட்டுப் பழங்கள், ஒரு சிறு புட்டி வோட்கா என்று பரப்புகிறது. பாதிரியார் தூபக்கலசத்தோடு ஒவ்வொரு குடும்பமாக வந்து ஜெபித்துவிட்டுப் போகிறார். பின் எல்லாரும் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். செத்தவர்களுக்கும் ஒரு பங்கு அங்கேயே வைக்கப்படுகிறது. அழுகை குறைவு, பேச்சு அதிகம். ஒரு குழந்தை முட்டை ஓட்டைத் தாத்தாவின் சிலுவையில் தட்டி உடைத்தது. யாரும் அதட்டவில்லை.

என்னை ஒரு குடும்பம் கூப்பிட்டு உட்கார வைத்தது. மூத்த அம்மாவின் மார்பில் கூம்பு வடிவ வெள்ளிப் பதக்கம் இல்லை, சங்கிலிகள் மட்டும். அந்தப் பெரிய பதக்கம் பிள்ளைபெறும் வயதிலுள்ள மணமான பெண்களுக்கு உரியதாம்; பக்கத்தில் இருந்த மருமகள் அணிந்திருந்தார். குனிந்து உணவு பரிமாறும்போதெல்லாம் வெள்ளி கணீரென்றது. "உங்கள் ஊரில் செத்தவர்களுக்கு என்ன வைப்பீர்கள்?" என்று மூத்தவர் கேட்க, பேத்தி மொழிபெயர்த்தாள். அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம், காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம் என்றேன். அவருக்கு அதில் வியப்பே இல்லை. சரிதான் என்பதுபோல் தலையசைத்துவிட்டு இன்னொரு பணியாரத்தை என் பக்கம் நகர்த்தினார். தம் பாட்டியின் கல்லறை எல்லைக்கு அப்பால், பெத்சேரிப் பக்கம் இருக்கிறது என்றார். 1920களிலும் 30களிலும் எஸ்டோனியாவோடு இருந்த பகுதி அது. 1944இல் சோவியத் ஆட்சி அதைப் பிரித்து ரஷ்யாவோடு சேர்த்தது. சோவியத் காலத்தில் அது வெறும் நிர்வாகக் கோடு, பேருந்தில் போய்விடலாம். 1991க்குப் பிறகு அதுவே நாட்டெல்லை ஆயிற்று. பாட்டிக்குப் படைக்கவும் விசா வேண்டும்.

பிற்பகலில் ஊர்த்திடலில் பாட்டு தொடங்கியது. ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தாழ்ந்த குரலில் வாங்கிக்கொள்ள, அவற்றுக்கு மேலே ஒற்றைக் குரல் ஒன்று கூர்மையாக ஏறி நிற்கிறது. அந்த மேற்குரலைப் பாடியவள் பேத்திதான், கல்லூரி மாணவி. வீட்டில் கற்றதா என்று கேட்டேன். இல்லையாம். அம்மா தலைமுறையில் வீட்டில் பாட்டு விட்டுப்போனது. இந்தப் பாட்டைத் தார்த்து ஆவணகத்தின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் அவளும் தோழிகளும் பயின்றார்கள். பாட்டி குறுக்கிட்டார். மூன்றாவது அடியில் மெட்டு தப்பாம். தம் அம்மா அதை அப்படி இறக்கமாட்டாராம். பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் பேத்தி. பதிவில் பாடியவள் பக்கத்து ஊர்க்காரி என்றார் பாட்டி. இருவரும் அந்த அடியை மாறி மாறிப் பாடிக்காட்டினார்கள். சுற்றியிருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிய, நான் ஏறவேண்டிய பேருந்து வந்தபோதும் வழக்கு தீரவில்லை.