சன்னலைச் சாத்திக்கொண்டு

பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்க எங்கிருந்தோ வந்த சரக்கு என்பது அவர்கள் எண்ணம்.

எங்கள் பங்கில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் அருட்சகோதரி, லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை விளக்கினார். மார்த்தா பணிவிடையில் பரபரப்பாயிருக்க, மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்ட நிகழ்ச்சி அது. புனித பவுல் கமாலியேலின் காலடியில் பயின்றதுபோல, காலடியில் அமர்வது மாணாக்கருக்குரிய இடம் என்று விளக்கிவிட்டு, ஞாயிறன்று எழுந்தது முதல் திருப்பலிக்கு வரும்வரை செய்த வேலைகளை எழுதித் தருமாறு பணித்தார்.

அந்த ஏடுகளை நானும் வாசித்தேன். “வேலை ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தேன்” என்று சில பெண்பிள்ளைகள் எழுதியிருந்தனர். சகோதரி துருவிக் கேட்கவே, தண்ணீர் பிடித்தது, வாசல் தெளித்தது, தம்பியின் சட்டையைத் தேய்த்தது என ஒவ்வொன்றாக வெளிவந்தன. நாள்தோறும் செய்ததை வேலையென்று எண்ணவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

என் மனத்தில் தைத்ததோ ஒரு பையனின் ஏடு. தாய்க்குப் பாத்திரம் துலக்கிக் கொடுப்பானாம். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடாதபடி சன்னலைச் சாத்திக்கொண்டு துலக்குவானாம். பதினாறு வயதில் அன்புக்கு வெட்கப்பட அவனுக்குக் கற்பித்தவர் யார்? எந்தப் பாடநூலிலும் அது இல்லை; நம் தெருக்களில் இருக்கிறது.

ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். “சாமி, செபமும் கட்டளைகளும் போதாதா? நாளைக்கு இவள் போகிற வீட்டில் எதிர்த்துப் பேசினால் என்ன செய்வது?” என்றார். அவருடைய அச்சம் பொய்யன்று. மகளின் வாழ்வை எண்ணிய அச்சம். ஆயினும் இது வெளிச்சரக்கு என்பதை நான் ஒப்பவில்லை. 591இல் புனித கிரகோரியார் ஆற்றிய மறையுரையை ஒட்டி, மகதலா மரியாவைப் பாவியான பெண்ணாகவே பல நூற்றாண்டுகள் பேசிவந்தோம். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்குரியது போன்ற விழாவாக உயர்த்தினார். உயிர்த்த ஆண்டவரின் செய்தியைச் சீடர்களிடம் முதலில் கொண்டுசென்றவர் அவரல்லவா? இந்திய ஆயர் பேரவையும் 2010இல் பாலினச் சமத்துவத்துக்கெனக் கொள்கை வகுத்தது. இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் முழுதும் ஏற்றதாகத் தெரியவில்லை. மகளை வகுப்பிலிருந்து நிறுத்தவுமில்லை.

சனிக்கிழமைதோறும் கோவிலைக் கூட்டுவதும் எங்கள் பங்கில் பெண்பிள்ளைகளின் பொறுப்பாகவே இருந்துவந்தது. பட்டியலில் பையன்களின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கோவிலுக்குச் சன்னல்கள் பெரியவை. கூட்டும்போது திறந்தே இருக்கும்.