கால் ஊன்றும் ஊருக்கு ஒரு பெடல்

கொல்கத்தாவில் பென்டிங்க் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்களில் பலர் இரண்டு பொருள்களைத் தேடிப் போகிறவர்கள். ஒன்று சைக்கிள், இன்னொன்று ஷூ. எஸ்பிளனேடிலிருந்து லால்பஜார் பக்கம் போகும் அந்தத் தெருவில் ஹக்கா சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷூ தைத்து விற்றன. பல குடும்பங்கள் வெளிநாடு போய்விட்டன. சில கடைகள் இன்னும் இருக்கின்றன. சைக்கிள் கடைகளும் அதே தெருவில்தான். ரோடு பைக்குக்கு க்ளிப்லெஸ் பெடல் வாங்க நினைக்கிறவர், அது அங்கே கிடைக்கிறதோ இல்லையோ, அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. இந்தப் பெடலை வாங்குவது பாதி சைக்கிள் விஷயம், பாதி ஷூ விஷயம். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது பாதியைப் பற்றி யோசிப்பதே இல்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஷூவின் அடியில் ‘க்ளீட்’ என்ற சிறு துண்டு ஒன்றைத் திருகி வைப்பார்கள். பெடலை மிதித்தால் அது ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடும். அதற்கு முன்னால் பந்தயக்காரர்கள் பெடலின் முன்பக்கம் ஓர் எஃகு வளைவையும் தோல் வாரையும் வைத்துப் பாதத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். இறங்க வேண்டுமென்றால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். பிரான்ஸின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு செய்துவந்த நிறுவனம். விழுந்தால் கால் முறியாமல் தானாக விடுபடும் பூட்டு அது. அந்த அறிவை வைத்து 1984-ல் சைக்கிளுக்கு ஒரு பெடல் செய்தார்கள். அடுத்த வருஷமே பெர்னார் இனோ அதை மிதித்து டூர் தெ பிரான்ஸில் வென்றார். அயர்லாந்தின் ஷான் கெல்லி போன்ற சிலர் 1990கள் வரை பழைய வாரை விடவில்லை என்றாலும், கூட்டம் புதியதன் பக்கம் போய்விட்டது.

1990-ல் ஜப்பானின் ஷிமானோ மலைச் சைக்கிள்களுக்காக எஸ்.பி.டி. என்ற வேறொரு பெடலைக் கொண்டுவந்தது. மலைப் பந்தயத்தில் சேற்றிலும் பாறையிலும் ஓட்டுகிறவர் அடிக்கடி இறங்குவார், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். அதனால் க்ளீட்டைச் சின்னதாக உலோகத்தில் செய்து, இரண்டு போல்ட்டில் பிடித்து, ஷூவின் ரப்பர் அடிக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். ரோடு பந்தயத்துக்கான பெடல்களில் க்ளீட் பெரியது. பிளாஸ்டிக்கில் செய்தது, மூன்று போல்ட்டில் பிடிப்பது, வழவழப்பான கெட்டி அடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சால்ட் லேக் செக்டர் ஃபைவுக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர் லேக் மார்க்கெட் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கேட்டார்: “அண்ணாச்சி, ரேஸ்ல எல்லாரும் மூணு போல்ட்தான போடுதாங்க? நானும் அதையே வாங்கிருதேன்.”

“ரேஸ் ஓட்டப் போறியா தம்பி?”

“இல்ல, ஆபீசுக்கு. ஞாயித்துக்கிழம கொஞ்சம் தூரமா.”

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கொல்கத்தா தட்டையான ஊர். பெடல் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுவதெல்லாம் மலையேற்றத்தை மனதில் வைத்தது. கால் மேலே வரும்போதும் இழுக்கலாம், சக்தி கூடும் என்பார்கள். சீரான வேகத்தில் மிதிக்கும்போது மேலே இழுப்பதால் உடல் செலவழிக்கும் சக்தி மிச்சமாவதில்லை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எழுந்து நின்று பாய்கிற சில நொடிகளில் உதவும், அவ்வளவுதான். அப்படியானால் மேடே இல்லாத ஊரில் இது எதற்கு?

மேடு இல்லாத ஊரில் இறக்கமும் இல்லை என்பதுதான் காரணம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவரின் கால் வழிநெடுக ஓய்வெடுக்கும். இங்கிருந்து டான்குனி, சிங்கூர் வழியாகப் பர்த்வானுக்குப் போகிறவருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டரும் மிதிதான். நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 5,400 சுற்று. ஐந்து மணி நேரத்தில் 27,000. அத்தனை முறையும் முழங்கால் ஒரே வழியில் ஏறி இறங்குகிறது. செருப்பில் மிதிக்கும்போது பாதம் மெல்ல மெல்ல நகரும், மழையில் வழுக்கும், நாம் அறியாமலே அதைப் பிடித்துவைக்கப் பாதத்தின் சின்னத் தசைகள் உழைக்கும். பூட்டுப் பெடல் அந்த உழைப்பை எடுத்துக்கொள்கிறது. நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பாதம் எரியாமல் இருப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் அதே 27,000 சுற்றும் தப்பான கோணத்தில் நடந்தால் முழங்கால் கெட்டுப்போகும். அதனால்தான் க்ளீட்டில் அசைவிடம் வைக்கிறார்கள், அதாவது பூட்டியிருக்கும்போதே குதிகால் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசையும் அளவு. ஷிமானோவின் மூன்று போல்ட் க்ளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு அசைவே இல்லை. லுக் கியோவில் சிவப்புக்குத்தான் அதிக அசைவு, 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் சிவப்புக்கு நேர் எதிர் என்பதால் நிறத்தைக் கேட்டு வாங்காதீர்கள், டிகிரியைக் கேளுங்கள். புதியவர்கள் அசைவு அதிகம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். பாதம் எந்தக் கோணத்தில் நிற்க விரும்புகிறது என்பதை முழங்காலே சொல்லிவிடும்.

இனி ஊருக்கு வருகிறேன். கொல்கத்தாவில் சைக்கிள் ஓட்டுவது என்பது பாதி நேரம் நிற்பது. சிக்னல், திடீரென்று ஓரம் கட்டும் ஆட்டோ, பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டித் தட்டிக் கண்டக்டர் நிறுத்தும் மினிபஸ், குறுக்கே வரும் கைரிக்‌ஷா. ஒவ்வொரு முறையும் கால் தரைக்கு வர வேண்டும். ரோடு பெடலுக்கு ஒரு முகம்தான். விட்டதும் முன்முனை மேலே நோக்கித் தொங்கும். கிளம்பும்போது ஷூ நுனியால் தட்டிப் பிடிக்க வேண்டும். திறந்த சாலையில் இது பழகிவிடும். கரியாஹாட் சந்திப்பில் பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து முப்பது ஹாரன் சேர்ந்து அழுத்தும்போது, தட்டிப் பிடிக்கக் கீழே பார்க்கிற அந்த ஒரு நொடி ஆபத்தான நொடி. எஸ்.பி.டி. வகையில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூட்டு உண்டு. பார்க்காமலே மிதிக்கலாம்.

டிராம் தண்டவாளம் இன்னொன்று. 1873-ல் ஓடத் தொடங்கிய டிராமில் இன்று மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். வண்டி போனாலும் பல தெருக்களில் தண்டவாளம் போகவில்லை. ரோடு பைக்கின் ஒல்லியான டயர் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி நம் சொல் கேட்காது. கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். நெரிசலில் அதற்கு எப்போதும் இடம் கிடைக்காது. அப்போது கால் யோசிக்காமல் வெளியே வர வேண்டும். இதற்கென்றே எஸ்.பி.டி.யில் எஸ்.ஹெச்.56 என்ற க்ளீட் இருக்கிறது. வழக்கமான எஸ்.ஹெச்.51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56 மேலே கோணலாகச் சட்டென்று இழுத்தாலும் விட்டுவிடும். முதல் வருஷம் இதுதான் போட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பந்தயக்காரர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். அவர்கள் பாய்ந்து ஓட்டும்போது கால் கழன்றுவிடக் கூடாது. நமக்கு, விழும்போது கழன்றே ஆக வேண்டும்.

இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெடலின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு திருகு உண்டு. ஆலன் கீ போதும். இங்கே ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். இடது கை ஓரத்தில் நடைபாதை, வலது கை ஓரத்தில் பஸ். தடுமாறினால் சாய வேண்டியது இடது பக்கம். அதனால் நிற்கும்போதெல்லாம் இடது காலை மட்டும் இறக்கப் பழகுங்கள். இடது பெடலின் இறுக்கத்தை வலதைவிடக் குறைவாக வையுங்கள். வலது கால் பூட்டியபடியே இருக்கட்டும். இடது க்ளீட் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது நடை. 2013-ல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளையும் மோட்டார் இல்லாத மற்ற வண்டிகளையும் தடை செய்தது. எதிர்ப்புக்குப் பிறகு பட்டியல் குறைந்தது. 2020 ஊரடங்குக்குப் பின் பஸ் போதாமல் போனபோது இன்னும் தளர்த்தினார்கள். பால், பேப்பர், மீன் கொண்டுபோகிறவர்களின் பிழைப்பு வண்டியைப் பெரிய சாலையிலிருந்து விரட்டுவது அநியாயம். 2015 முதல் சபுஜ் சாத்தி திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. அந்த அநியாயத்தின் நடைமுறை விளைவு, இந்த ஊரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் சவாரியின் ஒரு பகுதி என்பது. தடையுள்ள சாலை வந்தால் இறங்கி நடைபாதையில் தள்ள வேண்டும். ஹூக்ளியைக் கடக்க லாஞ்சில் ஏறினால் மிதவைத் துறைக்கு இறங்கும் இரும்புச் சரிவு இருக்கிறது. நதியில் நீர் வற்றும் நேரமானால் அது இன்னும் செங்குத்தாகச் சாயும், மழையில் பளபளக்கும். பர்த்வான் சாலையில் போகிறவர் சக்திகரில் நிறுத்தி லேங்சா இனிப்பு சாப்பிடாமல் திரும்ப மாட்டார். ஈரமான தரையில் பிளாஸ்டிக் க்ளீட்டோடு நடப்பது கண்ணாடி மேல் நடப்பதுதான். இரண்டு போல்ட் ஷூவில் ரப்பர் அடி தரையைப் பிடிக்கும். சாதாரண ஷூ போலவே நடக்கலாம், ஆபீஸ் படியும் ஏறலாம்.

மழை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் டன்டனியாவிலும் கல்லூரித் தெருவிலும் முழங்கால் தண்ணீர். ஹூக்ளியில் ஏற்றம் இருந்தால் மதகுகளை மூடிவிடுவார்கள், தண்ணீர் வடிய நேரமாகும். அதில் சைக்கிளை விடுவதே புத்திசாலித்தனமில்லை. வேறு வழியில்லை என்றால் ஒரு காலாவது பூட்டில்லாமல் இருக்க வேண்டும், அடியில் என்ன பள்ளம் என்று தெரியாது. எஸ்.பி.டி. பெடல் சின்னது, பூட்டாமல் மிதித்தால் வழுக்கும். தினமும் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஷிமானோவின் இ.ஹெச்.500 போன்ற பெடலை நான் சொல்வது இதற்காகத்தான். அதில் ஒரு முகம் பூட்டு, மறுமுகம் தட்டை. நெரிசலில் தட்டை, ராஜர்ஹாட் தாண்டித் திறந்த சாலை வந்தால் பூட்டு. வேட்டி, செருப்போடு லேக் மார்க்கெட்டில் பூ வாங்கப் போகவும் அதே சைக்கிள் ஆகும். தூரப் பயணம் மட்டும் போகிறவர்களுக்கு இருமுகப் பூட்டுள்ள எம்520 போதும். ஜோடி 380 கிராம், பல வருஷம் உழைக்கும். எடை பெரிதாகத் தெரிகிறதென்றால், ஒரு தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் அதைவிடக் கனம்.

பூட்டே இல்லாத பெடலை இழிவாக நினைக்கக் கூடாது என்பதையும் இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. 1926-ல் இங்கிருந்து கிளம்பிய பிமல் முகர்ஜி 1937 வரை சைக்கிளிலேயே உலகம் சுற்றினார்; அவருக்கு எஸ்.பி.டி. கிடையாது. ஆசன்சோலில் செய்த சென்–ராலே, அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள்களின் கட்டை ரப்பர் பெடலில் வெறும் காலோடும் ஹவாய்ச் செருப்போடும் மிதித்த கால்கள்தான் இந்த நாட்டைச் சுமந்தன. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் நல்ல அகலமான தட்டைப் பெடலோடு இருந்துவிடலாம். எந்தக் குறையும் வராது.

மூன்று போல்ட் யாருக்கு? விடியற்காலை ரெட் ரோட்டில் கூட்டமாக வேகம் பழகுகிறவர்களுக்கு, பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு. மிதிபரப்பு அகலம், பாதத்தின் அழுத்தம் பரவலாக இறங்கும். கிளம்பிய இடத்தில் ஏறி வீட்டு வாசலில் மட்டும் இறங்குகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூரப் பயணங்களில்கூட இரண்டு போல்ட் போட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். வழியில் சீல் வாங்க, சாப்பிட, பஞ்சர் ஒட்ட அவர்களும் இறங்கித்தானே ஆக வேண்டும்.

மாட்டும்போது இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் இந்த ஊர் ஈரத்தில் இறுகிப்போய்க் கழற்ற வராது. பூஜை விடுமுறைக்கு முன் ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஷூவுக்குப் பெரிய பங்கை ஒதுக்குங்கள், பெடலுக்கு மிச்சம் போதும். ஷூவை முதலில் வாங்குங்கள், அதுவும் சாயங்காலமாகப் போய், சைக்கிள் ஓட்டும்போது போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் அந்நேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட பயணத்திலும் அது அப்படித்தான் வீங்கும்.